ஆறு மணி விருந்தாளி

நம் நண்பர் ஒருவர் உத்தியோக நிமித்தமாகப் பிரேஸில் தேசத்துக்குப் போய்த் திரும்பினார். திரும்பி வந்த நாளிலிருந்து உத்தியோகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்செல்லாம் ஒரு குருவியைப் பற்றித்தான். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதிலுள்ள படத்தை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏழு வர்ணம், ஐயா! எண்ணிக்கொள்ளும்!" என்பார்.

எண்ணிப் பார்த்தோம். தலை கடல் நீரின் பசுநீலம், பிடரி எலுமிச்சை மஞ்சள், மார்பு நீலம், இடுப்பு செம்மஞ்சள். அந்த நாட்டு மக்கள் தங்கள் பாஷையில் அதற்கு ஏழு வர்ணக் குருவி என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். அட்லாண்டிக் கரையோரக் காட்டில் ஒரு விடுதியின் தாழ்வாரத்தில் காப்பி அருந்திக்கொண்டே எடுத்த படம் அது. விடுதிக்காரர் ஒரு பலகையில் வாழைப்பழமும் பப்பாளியும் நறுக்கி வைப்பார். குருவிகள் தாமே வந்து உட்காரும். விருந்தினர் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"நம் தேசத்தில் இப்படி ஒன்று உண்டா?" என்று கேட்டார் நண்பர்.

இந்தக் கேள்வி நம்மைச் சுட்டுவிட்டது. "ஏழு என்ன, ஐயா? ஒன்பது வர்ணத்தில் உண்டு! வட நாட்டார் அதை நவரங் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது உமக்காகப் பலகையில் வந்து உட்காராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்" என்றோம்.

இவ்விதமாகத்தான், சென்ற மார்கழியில், நாமும் நண்பரும் கொல்லிமலைக்குப் புறப்பட நேர்ந்தது.

நாம் சொன்ன குருவிக்குத் தமிழில் ஆறுமணிக் குருவி என்று பெயர். விடியற்காலை ஆறு மணி சுமாருக்கும் மாலை ஆறு மணி சுமாருக்கும் கூவுவதால் வந்த பெயர். கடிகாரம் இல்லாத கிராமங்களில் இது எவ்வளவு உபகாரமாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். தோட்டக் கள்ளன், பொன்னுத் தொட்டான் என்ற பெயர்களும் உண்டு. இலங்கையில் சிங்களவர்கள் அவிச்சியா என்பார்கள்.

மைனாவைவிடச் சற்றுச் சிறிய உருவம். முதுகு பச்சை, தோளிலும் இடுப்பிலும் பளபளக்கும் நீலம், கழுத்து வெள்ளை, மார்பு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் ஒரு சிவப்பு. உச்சந்தலையில் ஒரு கறுப்புக் கோடு. கண்ணின் குறுக்கே பட்டையான மை. வாலோ இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு குட்டை. இத்தனை அலங்காரத்தையும் செய்துகொண்டு அந்தக் குருவி செய்கிற காரியம் என்ன? காட்டின் இருட்டில், தரையிலே, உதிர்ந்த சருகுகளைக் கிளறிப் புழுவும் பூச்சியும் பொறுக்குவதுதான்!

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். எழுபதாவது வளைவுக்குப் பிறகுதான் திறந்தார். மேலே ஏறிவிட்டால் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்று, பலா மரங்கள், மிளகுக் கொடிகள், மர நிழலில் காப்பிச் செடிகள், அறப்பளீசுவரர் ஆலயம், அதன் அருகே ஆகாய கங்கை அருவி.

இது வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு கூறுகிறது. நாமோ ஒரே ஒரு குருவியைப் பிடிப்பதற்கு ஆயிரம் படங்கள் கொள்ளக்கூடிய காமிராவைத் தூக்கிக்கொண்டு போனோம். காலம் எவ்வளவு மாறிவிட்டது, பார்த்தீர்களா?

மலையின் உட்புறத்தில் ஒரு சிற்றூரில் தங்கினோம். அங்குள்ளவர்கள் மலையாளிகள். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயரே தவிர, கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை; பேசுவது தமிழ்தான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் காடு. ஓர் ஏக்கருக்கு மேல் இராது. சுற்றிலும் மரவள்ளித் தோட்டம். நடுவில் மட்டும் வானத்தை மறைத்துக்கொண்டு பழைய மரங்கள். அங்கே கோடரி படக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. உதிர்ந்த சுள்ளியைக்கூட எடுத்துப் போகக் கூடாது. ஆகையால் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த சருகு, கணுக்கால் புதையும்படி மெத்தையாகக் கிடந்தது.

காட்டின் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அம்மனுக்கு விளக்கு ஏற்றுகிறவர். வந்த காரியத்தைச் சொன்னோம்.

"அவனைப் பார்க்கவா வந்தீங்க? இருக்கான், இருக்கான். ஐப்பசி மழைக்கு முன்னாலே வருவான், சித்திரையிலே போயிடுவான். ஆறு மணிக்குக் கூப்பிடுவான், கேளுங்க" என்றார்.

நாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டின் ஓரமாக நின்றோம். சரியாக ஆறு மணி. மங்கிய இருளிலிருந்து, இரண்டே சுரத்தில், ஒரு தெளிவான சீழ்க்கை கேட்டது. முதல் சுரம் மேலே ஏறிற்று. இரண்டாவது சட்டென்று இறங்கிற்று. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே இரண்டு சுரம். சத்தம் வந்ததே தவிர ஆள் கண்ணுக்குத் தென்படவில்லை.

நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பேசியை எடுத்தார். யாரோ பதிவு செய்து வைத்திருந்த ஆறுமணிக் குருவியின் கூவலை அதில் இறக்கி வைத்திருந்தார். அதை ஒலிக்கச் செய்தால் குருவி தானாகவே வெளியே வந்துவிடும் என்பது அவருடைய யுக்தி. ஒரு முறை ஒலித்தது. புதருக்குள் சருகு சலசலத்தது. நண்பர் நம்மைப் பெருமையுடன் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியை மூடுங்க" என்று பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"ஏன் பெரியவரே? பறவைக்கு ஒன்றும் ஆகாதே?"

"இந்தக் காட்டிலே அவன் ஒண்டியாத்தான் இருக்கான். இது அவன் வீடு. நீங்க அந்தச் சத்தத்தைப் போட்டா, வேறே ஒருத்தன் வந்து உள்ளே குந்திக்கிட்டான்னு நெனைப்பான். இருட்டறதுக்குள்ளே நாலு புழு பொறுக்குற நேரத்திலே, வராதவனோட சண்டைக்குப் போவான். விருந்தாளியைப் பட்டினி போடலாமுங்களா?"

நண்பர் பதில் பேசாமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெரியவர் சொன்னதைப் பக்ஷி சாஸ்திரிகளும் சொல்லுகிறார்கள். ஆறுமணிக் குருவி குளிர்காலத்திலும் தனக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு தனியாக இரை தேடுவது. பொய்க் குரல் கேட்டு அது வெளியே வருவது நம்மைப் பார்க்கும் ஆசையினால் அல்ல. வீட்டைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தினால்தான். ஒருவர் ஒரு முறை ஒலிக்கச் செய்தால் பெரிய பாதகம் இல்லாமல் இருக்கலாம். பெயர் பரவி, வாரந்தோறும் பத்துப் பேர் வந்து ஒலிக்கச் செய்தால் அந்தக் குருவி எப்பொழுதுதான் சாப்பிடுவது?

அன்றிரவு குளிர் தாங்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேழ்வரகுக் களி சாப்பிட்டோம். நண்பருக்கு இன்னும் ஒரு குறை இருந்தது.

"என்ன இருந்தாலும் தென் அமெரிக்காவின் பாட்டுக் குருவிகளுக்கு ஈடாகுமா? உம்முடைய குருவிக்குத் தெரிந்தது இரண்டு சுரந்தானே!" என்றார்.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு வம்சாவளியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளையில் உட்காரும் சிறு பறவைகளில் இரண்டு பெருங்குலங்கள் உண்டு. ஒரு குலத்தார் குஞ்சுப் பருவத்தில் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்கிறவர்கள். நண்பரின் ஏழு வர்ணக் குருவி அந்தக் குலம். மற்றொரு குலத்தார் பெரும்பாலும் பிறவிப் பாட்டுக்காரர்கள், குரு தேவையில்லை. அமெரிக்காவில் டொனால்ட் குரூட்ஸ்மா என்ற அறிஞர் இந்தக் குலத்தைச் சேர்ந்த ஈப்பிடிப்பான் குஞ்சுகளைத் தனியே வளர்த்துப் பார்த்தார். தம் இனத்தின் பாட்டைக் கேட்காமலே வளர்ந்த அவை, பருவம் வந்ததும் அந்தப் பாட்டைச் சரியாகப் பாடின. இதை அவர் 1984-ஆம் வருஷம் வெளியிட்டார். நமது ஆறுமணிக் குருவி இந்த இரண்டாவது குலம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குலத்தின் பெரிய இராஜ்யம் தென் அமெரிக்காவேதான். அங்கே இவ்வகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்தும் சில பத்து இனங்களே. அதாவது, நண்பர் பிரேஸிலில் காப்பி அருந்திய தாழ்வாரத்தைச் சுற்றி நம் குருவியின் பங்காளிகள் நூற்றுக்கணக்கில் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் பலகையைப் பார்த்தாரே தவிர, அவர்களைக் கவனிக்கவில்லை!

இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. பனாமா, கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் காடுகளில் ஸப்பயோவா என்று ஒரு சிறு பறவை. மங்கிய பச்சை நிறம். 1903-ஆம் வருஷம் அதற்குப் பெயர் வைத்தார்கள். 'புதிர்' என்ற பொருளையும் பெயரிலேயே சேர்த்தார்கள். அக்கம்பக்கத்துப் பறவைகளோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள், சரியாகப் பொருந்தவில்லை. நூறு வருஷம் கழித்து, 2003-ஆம் வருஷம் மரபணுக்களை ஆராய்ந்தபோது புதிர் விடுபட்டது. அதன் உற்றார் உறவினர் அமெரிக்காவில் இல்லை. கடல் கடந்து இந்தப் பக்கத்தில், ஆறுமணிக் குருவியின் கூட்டத்தாரிடையே இருந்தார்கள்.

இன்னொரு செய்தியையும் நண்பருக்குச் சொன்னோம். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இந்தியாவில் கால் வைத்ததே கிடையாது. 1766-ஆம் வருஷம், பிறர் எழுதிய சித்திரத்தையும் வர்ணனையையும் கொண்டு நம் குருவிக்கு லத்தீனில் பெயர் சூட்டினார். சூட்டியவர் அதைக் காக்கைக் குலத்தில் சேர்த்துவிட்டார். ஒன்பது வர்ணத்தில் ஒரு காக்கை! 1816-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்து வியேயோ என்பவர்தான் அதைத் தனியே பிரித்து 'பிட்டா' என்று பெயரிட்டார். பிட்டா என்பது லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. பிட்ட என்றால் தெலுங்கில் சிறு பறவை. இன்று ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களின் குடும்பம் முழுவதற்கும், நம் அண்டை வீட்டாரின் சொல்லே உலகப் பெயராக விளங்குகிறது.

நண்பர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?" என்றார்.

ஐந்தரை மணிக்கே காட்டில் இருந்தோம். பெரியவர் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே குந்துங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மண் நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு வேர்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். தரையில் நடமாடும் பறவையை நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் படத்தில் விழும். அதன் கண்ணும் நம் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே 400 மில்லி மீட்டர் லென்ஸை ஒரு சிறு மணல் மூட்டையின் மேல் கிடத்தினோம். பளீரென்ற மின்விளக்கு உபயோகிப்பதில்லை என்று தீர்மானித்திருந்தோம்.

மார்கழிக் குளிரில் அசையாமல் உட்காருவது என்றால் இலேசான காரியமா? கால் மரத்தது. காதில் எறும்பு ஊர்ந்தது. நண்பருக்குத் தும்மல் வந்தது. அதை அவர் அடக்கிய விதத்துக்கு ஒரு பதக்கமே கொடுக்கலாம்.

மணி ஆறு பத்து. மார்கழியல்லவா? விருந்தாளி பத்து நிமிஷம் தாமதம். அதே இரண்டு சுரம்; ஆனால் மிக அருகில். பிறகு நிசப்தம். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பனியினூடே வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. திடீரென்று பத்தடி தூரத்தில் ஒரு சருகு தானே புரண்டது. பக்கத்தில் இன்னொன்று புரண்டது. மூன்றாவது சருகுக்குப் பின்னால் ஆறுமணிக் குருவி நின்றுகொண்டிருந்தது.

தத்தித் தத்தி நாலு எட்டு. சட்டென்று நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பது. மறுபடி நாலு எட்டு. அலகால் ஒரு சருகை வீசி எறிந்தது. ஈர மண்ணிலிருந்து ஒரு மண்புழுவை இழுத்தது. முதல் படத்தில் சருகு மாத்திரம் விழுந்தது. இரண்டாவதில் வால், அதாவது, ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்றாவது மங்கல். அந்த வெளிச்சத்துக்கு வினாடியில் 1/60 பங்குக்குமேல் வேகம் கொடுக்க முடியவில்லை. குருவி அசைந்தால் படம் கலைந்துவிடும். அது நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும். பிறகு, கிளைகளுக்கிடையே ஒரு வெளிச்சத் துண்டு விழுந்த இடத்தில் அது வந்து நின்றது. நம்மை நேராகப் பார்த்தது. விரலை அழுத்தினோம்.

படத்தில் ஒன்பது வர்ணமும் விழுந்திருந்தனவா என்று கேட்பீர்கள். நண்பர் எண்ணினார், எட்டு என்றார். ஒன்பதாவது, பறக்கும்போது சிறகில் மின்னும் வெள்ளை. அதைக் குருவி நமக்குக் காட்டியது, ஆனால் படத்தில் பிடிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் வனஜீவன்களைப் படம் எடுத்தவர்களில் முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட ஒரு கனத்த காமிராவைச் சுமந்துகொண்டு காடு காடாகத் திரிந்தார். அந்தக் காமிராவில் கறுப்பும் வெளுப்பும்தான். அன்றைக்கு அவருக்கு இருந்து, இன்றைக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடையில் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. அதுதான் பொறுமை.

வெளியே வந்ததும் பெரியவரிடம் படத்தைக் காட்டினோம். வெகு நேரம் பார்த்தார். "இவ்வளவு கிட்டத்திலே நானே பார்த்ததில்லே" என்றார். பிறகு, "இதைப் பெரிசாப் போட்டு எனக்கு ஒண்ணு கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.

காரணத்தையும் சொன்னார். ஊர்ப் பையன்கள் கோயில் காட்டைச் சுத்தம் செய்துவிட்டு, அம்மனுக்கு முன்னால் சிமெண்டுத் தளம் போடத் தீர்மானித்திருந்தார்கள். அவர்கள் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருவிழாவன்று மழை பெய்தால் ஒரே சேறு. பெண்கள் குழந்தைகளோடு உட்கார இடமில்லை. சருகுக்குள் பாம்பு இருக்குமோ என்ற பயம் வேறு. "குருவி வருது, குருவி வருதுன்னு நான் சொன்னா, கிழவனுக்கு வேறே வேலை இல்லேங்கிறாங்க. அவங்க அவனைப் பார்த்ததில்லே. சத்தத்தைத்தான் கேட்டிருக்காங்க" என்றார்.

நாம் எடுத்த படத்தின் உபயோகம் நமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஆறுமணிக் குருவி கோடையில் இமயமலையின் அடிவாரத்திலும், மத்திய இந்தியாவின் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வட பகுதிகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் வந்ததும் தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இமயத்தின் அடிவாரத்திலிருந்து கொல்லிமலை 2000 கிலோ மீட்டர் தூரம் இருக்கலாம். இரவில் பறந்து வருகிறது. வழியில் நகரத்து விளக்குகளில் திகைத்துக் கண்ணாடி ஜன்னலில் மோதுவதும் உண்டு. களைத்துப் போய் வீட்டு முற்றத்தில் விழுவதும் உண்டு. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அப்படி ஒரு வர்ணக் குருவி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். தெளிந்ததும் மரங்களுள்ள இடத்தில் பறக்க விடுங்கள். கூண்டில் அடைக்க வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இவ்வளவு தூரம் வருகிற விருந்தாளி நம்மிடம் கேட்பது என்ன? பலகையில் வாழைப்பழம் அல்ல. கொஞ்சம் நிழல், அதன் கீழே கொஞ்சம் சருகு. அந்தச் சருகில்தான் ஈரம் தங்குகிறது. ஈரத்தில்தான் புழுவும் பூச்சியும் பிழைக்கின்றன. சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டால், மரங்கள் அப்படியே நின்றாலும் குருவிக்கு அது வெறும் வீடு, அடுப்பங்கரை போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் நாலு மரம் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இதுவே நம் விண்ணப்பம்: முன்வாசலைத் துடைத்துக் கோலம் போடுங்கள், கொல்லைப்புறத்தில் ஒரு மூலையைச் சருகோடு விட்டு வையுங்கள்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு அனுப்பினோம். அடியில் நண்பர் தம் கையாலேயே எழுதினார்: "ஆறுமணிக் குருவி. வரவு, ஐப்பசி மழைக்கு முன். புறப்பாடு, சித்திரை. சாப்பாடு, இந்தக் காட்டின் சருகில்."

சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் பெரியவர் தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, மூணு நாளாச் சத்தம் இல்லே. விருந்தாளி புறப்பட்டுட்டான் போலிருக்கு."

"தளம் என்ன ஆயிற்று, பெரியவரே?"

"பையன்க படத்தைப் பார்த்தானுங்க. ஒருத்தன் மறுநாள் காலையிலே போயி மறைஞ்சு குந்திப் பார்த்துட்டும் வந்தான். தளத்தை வெளியே, ரோட்டோரமாப் போடலாம்னு பேச்சு. காட்டுக்குள்ளே கை வைக்கலே." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வருஷத்துக்கு" என்றார்.

நண்பரிடம் சொன்னோம். அவர் கைப்பேசியை எடுத்தார். ஏழு வர்ணக் குருவியைக் காட்டத்தான் போகிறார் என்று நினைத்தோம். இல்லை. நாட்காட்டியைத் திறந்து, ஐப்பசி முதல் தேதிக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார்.